ஞாயிற்றுக்கிழமை ஜபம்

அப்பா காலமான பிறகும் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜபம் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மாலை நாலு மணிவரை, அவருடைய அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால். பேய்க்கதை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜபம் பண்ணியது கார் பேட்டரி. இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் கை கால் சில்லிட்டுப்போன ஞாயிறுகள் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா, அம்மா, ஒரே பெண்ணான நான், மூன்றே பேர். எனக்கு முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, நந்தனத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. போதாக்குறைக்கு கார் வேறு ஓட்டுவேன். நான் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் எதிர்வீட்டு மாமி வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். எதையாவது இடிப்பேன் என்று நம்பிக்கையோடு நிற்பாள்.

கார் அப்பா வாங்கியது. வேறு யாரோ பத்து வருஷம் ஓட்டிக் களைத்த கறுப்புக் கார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வெளியே போகும், மற்ற நாளெல்லாம் வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிற்கும். நிற்கிற காரில் முதலில் படுத்துக்கொள்வது பேட்டரி. அதற்காக அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடைக்காரரிடம் சொல்லி சார்ஜர் ஒன்று செய்து வாங்கியிருந்தார். தகரப் பெட்டி, முகத்தில் ஆம்பியர் காட்டும் முள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், நுனியில் பல் வைத்த கிளிப்புகள். ஞாயிறு காலை காரிலிருந்து பேட்டரியை இறக்கி, பேரிங் சக்கரம் வைத்த பலகையில் உருட்டிக்கொண்டு வந்து தன் அறையில் வைத்து சார்ஜ் போடுவார். அந்த அறையில்தான் பெரிய பிளக் இருந்தது. அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் கார் நிற்கும். ஆசிட் வாடை கூடத்துக்கு வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டு, கூடத்தில் வந்து படுத்துக்கொள்வார்.

அவர் போனது ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை விடிகிற நேரம். மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவரை நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தாங்கிப் பிடித்து, காரின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். நான் சாவியைத் திருப்பினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடி 'டக்'. முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம், ஆனால் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் பின் சீட்டில் படுத்திருந்தார். நான் சுற்றிப் பார்த்தேன். ஹாண்டில் திரும்பி அடித்ததில் மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் டாக்ஸி பிடிக்க ஓடினார்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். "நேத்திக்கு மத்தியானம் நான்தான் சுவிட்சை அணைச்சேன். அந்த உறுமல் தாங்கலை, கொஞ்சம் கண்ணசரலாம்னு அணைச்சேன். அப்பா எழுந்துக்கறதுக்குள்ள மறுபடி போட்டுட்டேன்."

"அப்பாவைக் கொன்னுட்டியே அம்மா!" என்று கத்தினேன். வாயிலிருந்து வந்தது அதுதான். சந்து முழுக்கக் கேட்டது. கார் கதவு திறந்திருந்தது. அப்பாவின் கண்ணும் திறந்துதான் இருந்தது. டாக்ஸி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு பேட்டரியை டாக்ஸியில் போட்டுக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். கூவத்துக்குப் பக்கத்தில் இருட்டான கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. இடது புருவம் கிடையாது. அந்த இடத்தில் தோல் மட்டும் பளபளவென்று இருக்கும். மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு அறையிலும் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாமா இது, மூணாவது செல்லு செத்துப் போயி எத்தினி மாசம் ஆவுதோ. பிளேட்டு உதுந்து அடியில கெடக்குது பாரு. நீ ராவும் பகலும் சார்ஜ் போட்டுக்கினே இருந்தாலும் இதுல நிக்காது."

"ஒரு நாள் நடுவுல ரெண்டு மணி நேரம் அணைச்சு வெச்சதாலதான் கிளம்பலைன்னு..."

"அட இன்னாமா நீ. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நைனா நல்ல மனுசன். பேட்டரி அவருக்கு முன்னாலயே பூடுச்சு, அத்த அவரு கவனிக்கல."

பழைய பெட்டியிலேயே புதுப் பிளேட் போட்டுத் தந்தார். ஒரு பெண் தானே சார்ஜ் போடப்போகிறாள் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாடம் ஆரம்பமாயிற்று. மூடி ஆறையும் கழற்றி வைக்க வேண்டும். பிளேட் மூழ்குகிற மட்டும் டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். கிளிப்பைக் கடிக்க விட்ட பிறகுதான் சுவிட்ச். முடித்து எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிறகுதான் கிளிப்.

"ஜன்னல மட்டும் மூடிடாத. கொதிக்கறப்போ அதுலேந்து காஸு வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கெடயாது, மேல போயி நிக்கும். ஒரு பொறி போதும். பேட்டரி வெடிச்சு ஆசிட்டு மூஞ்சியில அடிக்கும்." புருவம் இல்லாத இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். "ஒரு பீடி. அவ்ளோதான். எப்பனா ஜன்னலு மூடிக்கினு இருந்துச்சுன்னா உள்ள போயி சுவிட்சத் தொடாத, அதுவே பொறி உடும். மொதல்ல வெளிய மெயின நிறுத்து."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். செல் செத்துப் போயிருந்தது, சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடைக்காரரே சொன்னார் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள். "நீ என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்றே" என்றாள். நான் கத்தியது தப்பு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செல்லையும் பிளேட்டையும் பற்றித்தான் மறுபடி விளக்கினேன். எனக்கு எப்போதும் அந்தத் திமிர் உண்டு, விளக்கிவிட்டால் மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

இனி ஒரு நாளும் அந்தக் கார் 'டக்' என்று நிற்கக் கூடாது என்று எனக்கு வெறி. அம்மாவுக்கும் மூச்சிரைப்பு இருந்தது. அடுத்த ஞாயிறே பலகையில் பேட்டரியை உருட்டிக்கொண்டு போய் அப்பா வைக்கிற இடத்திலேயே, சுவரில் இருந்த கதவில்லாத அலமாரிக்குக் கீழே, வைத்து சார்ஜ் போட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தேன்.

பதினோரு மணி இருக்கும். அம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நானும் கேட்டேன். சார்ஜர் பெட்டியிலிருந்து அடிக்குரலில் ஒரே சீராக 'ம்' என்ற சத்தம். அதற்கு மேல், ஆறு துவாரத்திலும் ஆசிட் குமிழ் விட்டு உடைகிற முணுமுணுப்பு. உதடு மட்டும் அசைந்து, குரல் வெளியே வராமல் ஒருவர் வேகமாக எதையோ உருப்போடுகிற மாதிரி. அப்பா விடியற்காலையில் ஜபம் பண்ணும்போது இப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் அவர் உயிரோடு இருந்து சார்ஜ் போட்டபோது இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"அப்பா ஜபத்துக்கு உக்காந்துட்டார்" என்றாள் அம்மா. சாதாரணமாக, குக்கரில் பருப்பு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அவள் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துக்கொண்டு போனேன். பேட்டரிக்குப் பக்கத்தில் குனிய வைத்து, குமிழைக் காட்டி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டினேன். அம்மா பொறுமையாகப் பார்த்தாள்.

"அவருக்கும் உக்கார ஒரு எடம் வேணுமோல்லியோ" என்றாள்.



அம்மாவின் கணக்கு இது: வருஷம் முடிகிறவரை அப்பா வீட்டை விட்டுப் போக மாட்டார். முதல் வருஷத் திதி, தலை ஆப்தீகம், ஆனதும் போய்விடுவார். அதற்குள் அவரிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும். சுவிட்சை அணைத்ததற்காக அவருக்குத் தன் மேல் கோபமா, இல்லையா. வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் ஜபத்தில் இருக்கிறவரைக் கூப்பிடக் கூடாது. நாற்பது வருஷத்தில் ஒரு தரமும் கூப்பிட்டதில்லை. அதனால் ஞாயிறு முழுக்க அந்தக் கதவுக்கு வெளியே, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்கு நான் உள்ளே போய் சுவிட்சை அணைத்துக் கிளிப்பைக் கழற்றுவேன். சத்தம் நிற்கும். அம்மா அவசரமாக எழுந்து உள்ளே வந்து அறையில் இருந்த அப்பாவின் ஈஸிசேரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "எழுந்து போயிட்டார்" என்பாள். ஆறு மணிக்கு, காஸெல்லாம் வெளியே போன பிறகு, அலமாரித் தட்டில் அப்பாவுக்கு வைத்திருந்த அகலை ஏற்றுவாள்.

பேட்டரியை வேறு இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். எனக்கே தெரிகிறது. ஆனால் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மா இரண்டாம் தரம் சாதம் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு நாள்தான் என்னோடு முகம் பார்த்துப் பேசினாள். எனக்கு அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்று சொல்வது அழகாக இருக்கிறது. நான் செய்த காரியத்துக்கு யாரோ ஈடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்பதுதான் சரி.

மாசி, பங்குனி வாக்கில் அந்தச் சத்தம் எனக்கும் பழகிப்போக வேண்டியது. பழகவில்லை. அம்மா, பேர் சொல்லிக் கூப்பிடாமல், கதவோரம் வாயை வைத்துக் குசுகுசுவென்று ஏதோ கேட்பாள். உடனே உள்ளே 'ம்' என்பது சற்று இறங்கி, கனத்து, மறுபடி ஏறும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும், சார்ஜரின் சத்தம் மாறும். அதுதான் காரணம். ஆனால் அம்மா பேசி முடிக்கிற நேரம் பார்த்து அவர்கள் மோட்டார் போட்டது எப்படி என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

ஒரு ஞாயிறு பட்டப்பகலில் கரண்ட் போயிற்று. அப்போதெல்லாம் அது அடிக்கடி போகும். விசிறி நின்றது, பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது, சார்ஜரின் 'ம்' நின்றது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் முணுமுணுப்பு மட்டும் தொடர்ந்து கேட்டது. ஆதார சுருதி போய், உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் குமிழ் வரும், எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் கூடத்தில் பாதி அரிந்த வெண்டைக்காயோடு உட்கார்ந்திருந்தேன். கதவில் சாய்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினாள். அன்று வெண்டைக்காய் அரிந்து முடிக்கவில்லை, மோர்க்குழம்பு மட்டும்தான்.

ஆடி மாசம் அலமாரியைத் துடைக்கலாம் என்று அப்பாவின் வேஷ்டிகளை எடுத்தேன். அவர் மடித்து வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். நெடுக ஓட்டை. சின்னச் சின்ன ஓட்டை, விளிம்பு பழுப்பேறி, தொட்டால் பொடியாக உதிர்கிற ஓட்டை. அடுத்ததும் அப்படியே. வாரா வாரம் பேட்டரி கொதிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஆசிட் ஆவியாக ஏறி, நேர் மேலே இருந்த துணியைத் தின்றிருக்கிறது. கடைக்காரரின் சட்டை எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சுருட்டி மறைக்கப் பார்த்தேன். அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் ஆசிட் என்று ஆரம்பித்தேன்.

"தெனம் உடுத்திண்டா கிழியாதா?" என்றாள்.

அன்று நான் எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைக்காமலே படுத்துக்கொண்டேன். ஆபீஸில் பேய் பிசாசு என்று யாராவது பேசினால் முதலில் கேலி பண்ணுகிறவள் நான்.

மறுபடி ஐப்பசி வந்தது. திங்கட்கிழமை தலை ஆப்தீகம் என்று சாஸ்திரிகள் நாள் குறித்துக் கொடுத்தார். சித்தப்பா பிள்ளை வந்து செய்வதாக ஏற்பாடு. சாஸ்திரிகள் நங்கநல்லூரில் இருந்தார். காலையில் நான்தான் காரில் போய் அழைத்து வர வேண்டும். அதனால் அந்த ஞாயிறு சார்ஜ் போட்டே ஆக வேண்டும். போட்டேன். ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டினேன். கதவைச் சாத்தினேன். அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கதவோரம் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்குத்தான் கடைசி" என்றாள். "இன்னிக்கும் எழுந்து போயிட்டார்னா அப்புறம் நான் யார்கிட்ட கேக்கறது?"

"அம்மா, அது பேட்டரி" என்றேன். "உள்ளே மட்டும் போகாதே." போகவில்லை, போகவில்லை என்று தலையாட்டினாள்.

இரண்டு மணிக்கு வாழை இலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று மணிக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இலைக்கட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக ஓடி வந்தேன். காரைத் தாண்டும்போது கண்ணில் பட்டது. அப்பா அறை ஜன்னல் மூடியிருந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா உள்ளே இருந்தாள். மடிப்புடவை கட்டிக்கொண்டு, அலமாரித் தட்டில் அகலை வைத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டிருந்தாள். தட்டுக்கு நேர் கீழே பேட்டரி, ஆறு மூடியும் திறந்தபடி. கொதித்துக்கொண்டிருந்தது. ஏற்றப்போகிற விளக்கு சாரலில் அணையக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். ஜபம் முடிகிறவரை காத்திருந்து காத்திருந்து ஒரு வருஷம் போனதால், இன்றைக்கு ஜபத்தின் நடுவிலேயே விளக்கை ஏற்றி முன்னால் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானம் பண்ணிவிட்டாள். கையில் தீப்பெட்டி.

குச்சியை உரசினாள். பற்றவில்லை. ஐப்பசி மழையில் நமுத்துப் போயிருந்தது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓட அரை நிமிஷம் ஆகும். அதற்குள் ஒரு குச்சியாவது பற்றிவிடும். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. குரல் ஒன்றுதான் உள்ளே போகும். பேட்டரி, காஸ், வெடிக்கும் என்று கத்தினால் அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினேன்.

"அம்மா, கொளுத்தாதே! அப்பா வேண்டாங்கறார்!"

அம்மாவின் கை நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா விளக்கு வேண்டாங்கறார்மா. பெட்டியைக் கீழே வை. ஜன்னலைத் திறக்கச் சொல்றார். மூச்சு முட்டறதாம் அவருக்கு."

கீழே வைத்தாள். வந்து ஜன்னலைத் திறந்தாள். அப்பா ஏதாவது சொன்னால் எப்படிச் செய்வாளோ அப்படி, ஒரு வார்த்தை கேட்காமல் செய்தாள். நான் வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினேன். பிறகு ஈரப் புடவையோடு உள்ளே போனேன். அம்மாவைப் போட்டு உலுக்க வேண்டும் போலவும், கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

அம்மா ஜன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். முகத்தில் சாரல். "நோக்கும் கேக்கறதா?" என்றாள்.

ஒரு வருஷமாகப் பாடம் நடத்தியவள் நான். "கேக்கறது" என்றேன்.

"எத்தனை நாளா?"

"முதல்லேர்ந்தே."

அம்மா விரலை உதட்டில் வைத்தாள். 'ம்' நின்றுவிட்டிருந்தது. முணுமுணுப்பு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு குமிழ். கொஞ்சம் பொறுத்து இன்னொரு குமிழ். "முடிச்சுட்டார்டி" என்று கிசுகிசுத்தாள். "நாளைக்குப் போயிடுவார். நீயே கேளு. நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறார்."

எந்தப் பக்கம் பார்த்துக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேட்டரியைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமோ என்றிருந்தது. ஈஸிசேரைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அப்பா, அன்னிக்கு அம்மா நடுவில சுவிட்சை அணைச்சுட்டா. அதுக்காக அவ மேல கோபமா?"

மழைச் சத்தம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிகிற மாதிரி. கோபமில்லை என்கிறார் என்று சொல்லப் போகிறேன், அதுதான் நான் நினைத்து வைத்திருந்தது. வாயைத் திறந்தேன்.

"நேக்குத் தெரியும்ங்கறார். 'நான் எங்கே தூங்கினேன்? அவ எழுந்து போனது, அணைச்சது எல்லாம் தெரியும். சத்தம் நின்னதும் அப்பாடான்னு இருந்தது. அதான் பேசாம படுத்துண்டிருந்தேன்'ங்கறார்."

இதை நான் யோசிக்கவில்லை. அந்தச் சத்தம் அப்பாவுக்கும் பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. பேட்டரியில் ஒரு குமிழும் இல்லை. கழுத்துக்குப் பின்னால் ஜிலீரென்று இருந்தது, ஈரப் புடவையால் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா கையை விட்டாள். "தெரியுமா?" என்றாள். "தெரிஞ்சுண்டேவா படுத்துண்டிருந்தார்?" அப்புறம் ஈஸிசேரைப் பார்த்து நேராகவே ஆரம்பித்தாள். "எழுந்து போய் சுவிட்சைப் போட்டா என்னவாம்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சு போயிடுவேளா? நான் ஒரு வருஷமா கதவைப் பிடிச்சுண்டு செத்துண்டிருக்கேன், உள்ளே உக்காந்துண்டு கேட்டுண்டே இருந்திருக்கேளே!" நாற்பது வருஷத்துப் பாக்கியெல்லாம் வந்தது. என் சின்ன வயசுக் கதை, எனக்குத் தெரியாத ஊர்க் கதை, ஒரு பட்டுப்புடவைக் கதை. அப்பாவை அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பேசிக்கொண்டே இருந்தவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

மழை விடும் நேரத்துக்கு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

நான் நிஜமாகவே கேட்டுப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்டுப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

"அன்னிக்கு நீ சந்துல நின்னுண்டு கத்தினதைப் பத்தி?"

அதுவரை அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் நடந்ததில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவர் காதுல விழுந்திருக்காது" என்றாள். "என் காதுலயும் விழலை, போ. எழுந்து போய்த் தலையைத் துவட்டிக்கோ. சொட்டச் சொட்ட உக்காந்திருக்கே."